நல்லையாவின் பெயரில் இருந்த நாய்கள்

பதுளை,
1979 மார்ச் 14, புதன்கிழமை.

அன்புள்ள மகன் நிஸாமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவும் நானும் உன் தங்கை இனாயாவும் அல்லாஹ்வின் கிருபையால் உடம்பளவில் சுகம். மனதளவில் சுகமா என்று கேட்டால் இந்தக் கடிதத்தை எழுதி முடித்த பிறகுதான் சொல்ல முடியும். குவைத் வெயிலில் உன் தலைக்கும் கண்ணுக்கும் ஒன்றும் வராமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். வழக்கமான நீல ஏரோகிராமை எடுத்து வைத்தேன், நாலு வரி எழுதியதும் இவ்வளவு கோபம் அதில் கொள்ளாது என்று தெரிந்தது, அதனால் கடையில் கிடந்த நீளத் தாளில் எழுதுகிறேன், முத்திரை கூடப் போனால் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து மூன்று பேர் நம் வீட்டு முன் மண்டபத்தில் வந்து உட்கார்ந்து நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார்கள். நான் திரைக்குப் பின்னால் நின்றேன், வாய் திறக்கவில்லை. அன்று நான் சொல்லாததை முதலில் உனக்கு எழுதிவிடுகிறேன். மஹ்ரூப் ஹாஜியாரே, அந்த மூன்று கால் நாயைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறீர்கள், அதன் நாலாவது காலை நசுக்கியது உங்கள் மர லொறி, லொறி நிற்கவில்லை, சாரதிக்குப் பக்கத்தில் இருந்தது நீங்கள், என்று நான் சொல்லவில்லை. நாய் இருக்கிற வீட்டில் பரக்கத் இல்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது கோப்பைக்கும் கையை நீட்டினீர்களே என்று சொல்லவில்லை. நீங்கள் யாரைப் பற்றி இப்படிக் கதைக்கிறீர்களோ எங்கள் கடையில் வேலை செய்கிற அந்த நல்லையா பின்வாசல் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் குரலைத் தாழ்த்துங்கள் என்று சொல்லவில்லை. இத்தனை பேர் முன்னால் என் கணவர் ஒரு பொய்யைச் சொன்னபோது, அது பொய் என்றும் சொல்லவில்லை. கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன். கழுவும்போது ஒன்று உடைந்தது, கை தவறி என்று வாப்பாவிடம் சொன்னேன், உனக்கு உண்மையை எழுதுகிறேன், கை தவறவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு ஆறும். உனக்குத் தெரிந்தவையும் இடையில் வரும், பொறுத்துக்கொள். அந்த மூன்று கால் கட்டையனை நீ பசறை வீதி வளைவிலிருந்து உடுத்திருந்த சாரத்தில் ஏந்திக்கொண்டு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது உன் உம்மா, என்னோடு கூடப்பிறந்த மூத்தவர் றம்ஸியா ராத்தா, உயிரோடு இருந்தார். நான் விருந்துக்கு வந்திருந்தவள், நாய் என்றால் கதிரையில் ஏறி நிற்கிறவள். ராத்தா உடனே கடையில் மிஞ்சிய சீத்தைத் துணியைக் கிழித்து, மூங்கில் பட்டையை வைத்துக் கட்டினார். அந்தக் கால் பிழைக்கவில்லை, நாய் பிழைத்தது. அதற்குப் பிறகு வந்தவை எத்தனை! சுடுதண்ணீர் ஊற்றப்பட்ட பெட்டை, கண்ணில் கல்லடி பட்ட குட்டி, கழுத்தில் கம்பி இறுகி வீங்கிப்போன கறுப்பன், இடையில் இரண்டு பூனையும் இறகு முறிந்த ஒரு காகமும். பூ விழுந்த சீத்தையில் கட்டுப் போட்ட நாய் பஸாரில் நடந்தால் அது வாஹித் முதலாளியின் கடை நாய் என்று இறைச்சிக் கடைக்காரனுக்கும் தெரியும், பஸ்காரனுக்கும் தெரியும். கடைக்கு விளம்பரம் தேவையில்லை, நாய்க்கே சீத்தை உடுத்துகிற கடை என்று சிரித்தார்கள், வாப்பாவும் சேர்ந்து சிரித்தார். ராத்தா மவுத்தான பிறகு நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவர் விட்டுப்போன வேலைகளில் எனக்குப் பயமாக இருந்தவை இரண்டு, ஒன்று பதினாறு வயதில் யாரோடும் பேசாமல் இருந்த நீ, மற்றது கட்டையன். கட்டையன்தான் முதலில் பழகினான். கோபிக்காதே.

நம் வீட்டில் மார்க்கம் இல்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. பின் முற்றத்துக் குழாயடியில் செம்மண் நிரப்பிய தகரப்பேணி நீ போன நாளில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாயின் வாய்நீர் பட்டால் ஏழு தரம் கழுவுகிறோம், அதில் ஒரு தரம் மண்ணோடு. இனாயா பக்கத்தில் நின்று உரக்க எண்ணுகிறாள், நான் அவசரத்தில் ஆறில் நிறுத்தினால் விடமாட்டாள். நாய்களுக்கு வேறு சட்டி, வேறு வாளி, வேறு துணி. தொழுகிற அறைப்பக்கம் ஒன்றும் வராது. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தவர்களாக இருந்தால் சந்தோஷமாகக் காட்டியிருப்பேன். அவர்கள் கேட்க வரவில்லை. தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட கதையை ஓதப்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்கிறார்கள். போன மாதம் இனாயா எழுந்து, அப்படியென்றால் எங்கள் வாப்பாவுக்கு எவ்வளவு மன்னிப்புக் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாள். அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள்.

இப்போது அந்தப் பொய்யைச் சொல்கிறேன். வருடா வருடம் நாய் லைசன் எடுக்க வேண்டும், தகடு இல்லாத நாயை வண்டியில் பிடித்துக்கொண்டு போவார்கள், வண்டியில் போனது திரும்பி வராது. ராத்தா இருந்த காலத்திலேயே வாப்பா லைசன் எடுக்கச் சம்மதித்தார், ஆனால் ஒரு முஸ்லிம் வியாபாரியின் பெயர் நாய்ப் பதிவில் ஏறக்கூடாது, யாராவது பார்த்தால் கதை வரும் என்று நம் கடையில் துணிப்பொதி சுமக்கிற நல்லையாவின் பெயரில் பதிந்தார். நல்லையாவும் மறுக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் வாப்பா பணத்தைக் கொடுக்க, நல்லையா போய்த் தகடுகளை வாங்கி வருவார். நம் நாய்கள் ஐந்துக்கும் காகிதத்தில் அவர்தான் சொந்தக்காரர். இதைவிட எளிதான ஏற்பாடு இல்லையென்று வாப்பா நினைத்தார். நல்லையாவின் ஆட்களை ஒருநாள் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள் என்பதை ஏன் நினைக்கவில்லை என்று நான் கேட்டேன்.

நல்லையாவுக்கு இந்தியப் பாஸ்போட் வந்துவிட்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அவர் தாத்தா காலத்தில் இங்கே வந்தவர்கள். அவர் பிறந்தது பசறை வீதித் தோட்டத்து லயத்தில், மனைவி லெட்சுமி தேயிலைக் கொழுந்து எடுத்ததும் அதே தோட்டத்தில், பிள்ளைகள் பிறந்ததும் அங்கேதான். இருந்தும் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டதில் அவர் அந்தப் பக்கத்துக் கணக்கில் விழுந்துவிட்டார். இதைப் பற்றிப் பேப்பரில் வந்ததையெல்லாம் படித்தேன், நீ இங்கிருந்தபோது துணிப் பார்சலுக்குள் ஒளித்து லைப்ரரியிலிருந்து கொண்டுவந்து தந்த புத்தகங்களில் வாசித்ததையும் நினைத்துப் பார்த்தேன், எதிலும் நல்லையாவைக் கேட்டார்கள் என்று இல்லை. பஸாரில் அவரைக் கேலி செய்தார்களாம், "என்ன நல்லையா, அஞ்சு நாயையும் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போறியா, அதுகளுக்கும் பாஸ்போட்டு வந்திருச்சா?" என்று. அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து சொன்னார், "பாத்தீங்களாம்மா, இந்த நாட்டுல எனக்கு ஒரு பிடி மண்ணு சொந்தமில்லேன்னுட்டாங்க, அஞ்சு நாய் மட்டும் சொந்தமின்னு எழுதிக் குடுத்திருக்காங்க." நானும் சிரித்தேன், பிறகு குசினிக்குள் வந்ததும் சிரிப்பு வரவில்லை.

அந்த மூன்று பேரும் வந்தது இதற்காகத்தான். நல்லையா புதன்கிழமை ரயில் ஏறுகிறார் என்பதும், மறுநாள் வியாழக்கிழமை நாய்வண்டி நம் தெருவுக்கு வருகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரியாமல் என்ன, வண்டியை நம் தெருவுக்கு வரச்சொல்லிக் கதைத்து வைத்ததே மஹ்ரூப் ஹாஜியார் என்று அவர் வாயாலேயே சொன்னார். "வாஹித், ஒன்ன ஒண்டும் செய்யச் செல்லி நாங்க கேக்கல்ல. நீ சும்மா ஈந்தாப் போதும். நாய் ஆருடையண்டு கேப்பாங்க, நல்லையாடண்டு செல்லு. நல்லையா எங்கண்டு கேப்பாங்க, போயிட்டாண்டு செல்லு. மிச்சத்த அவங்க பாத்துக்குவாங்க. ஒன்ட பேருக்கும் ஒண்டும் வராது" என்றார். எவ்வளவு அழகான யோசனை பார். யாரும் ஒரு பாவமும் செய்யத் தேவையில்லை, வாயைத் திறந்து உண்மை சொல்லாமல் இருந்தால் போதும். வாப்பா தலையைக் குனிந்துகொண்டு, "அதுகள் நல்லையாட நாய்தானே ஹாஜியார்" என்றார். கட்டையனுக்குக் காலையில் தன் தட்டில் மிஞ்சிய பாண் துண்டை வீசாமல் கடை திறக்காத மனிதர், சீத்தைக் கரையைத் தன் பல்லால் கடித்துக் கிழித்துத் தருகிற மனிதர், அப்படிச் சொன்னார். 

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார்கள். குவைத்தில் ஆளுக்கொரு தட்டில் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துவிட்டது, நம் ஊர்க் கந்தூரிச் சஹனுக்கு ஆசையாக இருக்கிறது, ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் குந்தி ஒரே சோற்றில் கைவைத்துச் சாப்பிட்டால்தான் வயிறு நிறைகிறது என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, இந்த வெள்ளிக்கிழமை பள்ளியில் அந்தக் கந்தூரிதான். ஹாஜியார் செருப்பை மாட்டிக்கொண்டே, "பொறகு வெள்ளிக்கெழம நாய் ஊட்டாளோட ஆரு ஒரு சஹன்ல குந்துவாங்க, நீயே செல்லு வாஹித்" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்விதான் வாப்பாவைச் சாய்த்தது. பதினைந்து வருடமாக வாப்பாவின் சஹனில் உட்காருகிறவர்கள் யார் யார் என்று உனக்கே தெரியும், இடம் மாறினால்கூடக் கோபித்துக்கொள்கிறவர்கள். அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு வாப்பா என்னிடம், "சும்மா ஈக்கிறதுதான் நல்லம் ஸுபைரா, ஊரோட வாழணும்" என்றார். நான் கேட்டேன், "கட்டையன் எந்த ஊர்?" என்று. அவர் எழுந்து கடைக்குள் போய் மடித்த துணிகளையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவர் கடையில் இருக்கும்போது நான் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நல்லையாவைக் கூப்பிட்டுக்கொண்டு லைசன் எழுதுகிற கந்தோருக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் தவிர நான் எங்கும் தனியாகப் போகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். நல்லையா வழி முழுதும், "அம்மா, மொதலாளி ஏசுவாரும்மா, நா போறவன், எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க இங்கயே இருக்கப் போறவங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டடி பின்னால் வந்தார். அங்கே இருந்த கிளாக் நல்ல மனிதர், அரைகுறைத் தமிழில் பேசினார். நாய்களை வேறு பெயருக்கு மாற்ற வேண்டும் என்றதும் பேனாவை எடுத்து, "மாத்தயாட பேர் என்ன?" என்று வீட்டு ஐயாவின் பெயரைக் கேட்டார். மாத்தயாவின் பெயர் இல்லை, என் பெயர் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "நோனாட பேரா? முஸ்லிம் ஆக்கள் நாய் வளக்கிறதா?" என்றார். பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்தார். வரிசையில் நின்ற நம் ஊர் ஆட்கள் இரண்டு பேர் என்னை அடையாளம் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஸுபைரா, என்று சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். மகன், என் பெயரை நானே அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவ்வளவு உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை, நிக்காஹ் அன்றுகூட என் பெயரை வேறு யாரோதான் சொன்னார்கள். நல்லையா விரலை மையில் ஒற்றிக் கொடுத்தார், நான் கையெழுத்து வைத்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், புதுத் தகடு வர இரண்டு கிழமையாகுமாம், செவ்வாய்க்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை வேறு. அதுவரை பழைய தகடுதான், வண்டி வந்தால் சொந்தக்காரர் வாசலில் நின்று இது என்னுடையது என்று சொன்னால் விட்டுவிடுவார்கள், யாரும் சொல்லாவிட்டால் கொண்டு போவார்கள் என்றார்.

நான் வீட்டுப் படி ஏறுவதற்கு முன்னாலேயே செய்தி கடைக்குப் போய்விட்டது. வாப்பா அன்றுதான் என்னோடு முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "நீ என்ட பேரக் கெடுத்துட்டாய்" என்றார். எனக்கும் பொறுக்கவில்லை, "ஒங்கட பேர் பத்திரமாத்தான் ஈக்கி, அதுல ஒரு கறையும் படல்ல, நான் என்ட பேரத்தானே குடுத்த" என்றேன். சொன்னதற்கு வருத்தப்படவில்லை. அதிலிருந்து இன்றுவரை இந்த வீட்டில் உப்பு, சாவி, குடை என்று தேவையான சொற்கள் மட்டும்தான் நடமாடுகின்றன. வாப்பாவை நீ தப்பாக எண்ணிவிடாதே. அவர் கெட்டவர் என்றால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. மஹ்ரூப் ஹாஜியாரிடம் நான் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. லொறி மோதிய அன்று நீ அவர் வீட்டுக்குக் கிளம்பியபோது வாப்பா உன் வாயைப் பொத்திப் பிடித்தாரே, அப்போதும் இதே பயம்தான். பயந்த மனிதர் பயந்ததை மட்டும் செய்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், பகலெல்லாம் பயந்துவிட்டு மாலையில் முற்றத்தில் குந்தி அந்த நாயின் காதில் உண்ணி எடுக்கிறவரை எப்படி வெறுப்பது, எப்படி மன்னிப்பது?

இன்று காலையில் நல்லையா குடும்பத்தை ரயிலேற்ற நானும் இனாயாவும் போனோம். ஸ்டேசன் முழுக்கத் தகரப் பெட்டிகளும் பாய்ச் சுருள்களும் அழுகையும். லெட்சுமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "போற ஊருல ஆரையும் தெரியாதும்மா, கொழுந்து எடுக்கிறதத் தவிர வேல ஒண்ணும் தெரியாது, அங்கிட்டு மல இருக்குமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். ஒவ்வொரு குடும்பத்துக்குப் பின்னாலும் ஸ்டேசன் வரை ஓடி வந்த தோட்டத்து நாய்கள் மேடை முழுக்க மனிதர்களை மோந்து பார்த்துக்கொண்டு நின்றன. மனிதர்களைக் கணக்குப் பார்த்துப் பிரித்தவர்கள் இவற்றைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. மேடையில் நின்ற ஒரு பெரிய உத்தியோகத்தர், இந்த நாய்களை ஒரு வழி பண்ண வேண்டும், ஊருக்கே தொந்தரவு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நாய்களா ஐயா தொந்தரவு என்று கேட்க வாய் வரை வந்தது, அதையும் கேட்கவில்லை, கேட்காதவற்றின் கணக்கு எனக்கு இந்தக் கிழமை ஏறிக்கொண்டே போகிறது. ரயில் நகரும்போது நல்லையா யன்னலால் தலையை நீட்டி, "கட்டையனுக்குக் குளிருக்குள்ள அந்தக் கட்டக் காலு கொடையும்மா, தவிட்டு ஒத்தடம் குடுங்க" என்றார். அவருக்குப் பின்னால் அவர் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள், அவர் அதைத்தான் சொன்னார். திரும்பும்போது மேடையில் நின்றவற்றில் முன்கால் வீங்கிய ஒரு செவலைப் பெட்டை எங்கள் பின்னால் வந்தது. இனாயா என் முகத்தைப் பார்த்தாள். நான் அதை விரட்டவில்லை, அது வீடு வரை வந்துவிட்டது. இப்போது ஆறு.

நாளை நாய்வண்டி வரும். நான் கடை வாசலில் நிற்கப் போகிறேன், கேட்டால் என்னுடையவை என்று சொல்லப் போகிறேன். அதைச் சொல்ல எனக்குச் சிங்களம் போதும், தைரியம் போதுமா என்பதுதான் தெரியவில்லை. வாப்பாவிடம் இன்று மத்தியானம் சொல்லிவிட்டேன், கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கடையில் இருப்பாரா, அல்லது கொழும்புச் சரக்குப் பார்க்க என்று எங்காவது போய்விடுவாரா தெரியாது. போனாலும் நான் நிற்பேன். ஆனால் மகன், அவர் போய்விட்டால் அதற்குப் பிறகு அவரோடு ஒரே வீட்டில் நான் எப்படிப் பேசுவது என்பதுதான் என் கவலை, நாய்களைவிட அதுதான் பெரிதாக இருக்கிறது. இதை வேறு யாருக்கும் எழுத முடியாது, உன் உம்மா இருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

மற்றச் சேதிகள் குறைவுதான். பின்சுவர் மழையில் ஒரு பக்கம் சரிந்தது, கட்டியாகிவிட்டது. நீ அனுப்பிய ரேடியோ நன்றாகப் பாடுகிறது, ஆனால் இந்தக் கிழமை யாரும் திருகவில்லை. இனாயாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்து ஏழு என்று சரியாகச் சொல்ல வரவில்லை, இருந்தும் எண்ணுவதை விடவில்லை. நீ உன் அறையில் இருக்கும் அந்தக் கேரளக்காரப் பிள்ளையோடு சண்டை பிடிக்காமல் இரு, அவன் வீட்டுக்குக் கடிதம் எழுதி அழுகிறான் என்று நீ சிரித்து எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. மத்தியான வெயிலில் வெறும் தலையோடு நடக்காதே, தண்ணீர் குடிக்க மறக்காதே. கப்பல்துறைப் பக்கம் ஒரு நொண்டிப் பூனைக்கு மீன் போடுவதாக எழுதியிருந்தாய், அதைக் கேட்டு வாப்பா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பூனைக்கு அங்கேயும் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள், ஆனாலும் முதலாளி பார்க்கும்படி செய்யாதே என்று எழுத வந்தேன், எழுதிய பிறகு வெட்கமாக இருக்கிறது, பார்த்தால் பார்க்கட்டும்.

அல்லாஹ் உன்னை எல்லா ஆபத்திலிருந்தும் காப்பாற்றி, உன் உழைப்பில் பரக்கத்தைத் தந்து, நல்ல மனதோடு எங்களிடம் திருப்பிச் சேர்ப்பானாக. வாப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. புத்தி சொல்லி எழுதாதே, கட்டையன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் கேட்டு எழுது, அது போதும். எப்போதும் உன் சின்னம்மா முறைக்குச் சாச்சி என்று மட்டும் கையெழுத்து வைப்பேன், இந்தக் கிழமை என் பெயர் வெளியே போய்விட்டதால் அதையும் எழுதுகிறேன்.

உன் மேல் என்றும் துஆவுடன்,
சாச்சி,
ஸுபைரா.

சனிக்கிழமை. கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். வியாழக்கிழமை காலை பத்து மணியளவில் வண்டி வந்தது. நான் சேலையைச் சுற்றிக்கொண்டு கடைக்குள் வருவதற்குள் சுருக்குக் கம்பு வைத்திருந்தவன் கட்டையனுக்குப் பக்கத்தில் நின்று, யாருடைய நாய் என்று சிங்களத்தில் கேட்டான். எதிர்க்கடை வாசலில் மஹ்ரூப் ஹாஜியார் நின்றார். வாப்பா கழுத்தில் அளவு நாடாவோடு படியிறங்கிப் போய், கட்டையனை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "மகே பல்லா" என்றார். என் நாய். மற்றவற்றையும் காட்டி, அவையும் என்னுடையவை என்றார். ஸ்டேசனிலிருந்து வந்த செவலையையும் சேர்த்துத்தான் சொன்னார். பஸார் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி போய்விட்டது. வாப்பா பின் முற்றத்துக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கையையும் நெஞ்சையும் கழுவினார், இனாயா எண்ணினாள்.

நேற்று வெள்ளிக்கிழமை கந்தூரியில் வாப்பாவின் சஹனில் வாப்பா மட்டும்தான் உட்கார்ந்திருந்தார். ஆறு பேருக்குரிய சோற்றை அவருக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள், ஒருவரும் வரவில்லை. அவர் பிஸ்மி சொல்லித் தன் பக்கத்தைச் சாப்பிட்டு, துஆ ஓதி முடியும் வரை இருந்து, மீதியை வாழையிலையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். சோற்றை நாங்கள் மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். எலும்புகளை வாப்பா கட்டையனுக்கும் மற்றவற்றுக்கும் போட்டார்.